பெர்லின் – பிராக் ரயில்: அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு இடது பக்க ஜன்னல்

கொள்ளிடக்கரை · 27 அக்டோபர் 2024

இலையுதிர்கால விடுமுறைக்குக் குடும்பமாகப் பிராக் போய்விட்டு நேற்று இரவுதான் திரும்பினோம். நான், மனைவி, 8 வயது மகள், 4 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முட்டியும் தகராறு.

போவதற்கு முன் இந்த மன்றத்தில் தேடிப் பார்த்தேன். பஸ் மலிவு, கார் வசதி என்ற இரண்டு வரிதான் எல்லா இழையிலும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்களுக்கு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகும்போது ரயில் போகும் திசையில் இடது பக்கம் உட்காருங்கள். டிரெஸ்டன் தாண்டியதும் போனை உள்ளே வையுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பெர்லின் மத்திய நிலையத்தில் இந்த ரயில் கீழ்த்தளத்திலிருந்து கிளம்புகிறது. டாக்சியில் வந்து இறங்கினால் லிப்டில் இரண்டு தளம் இறங்க வேண்டும். லிப்ட் கண்ணாடிக் கூண்டு, மெதுவாக வரும், தள்ளுவண்டியோடு ஒரு கூட்டம் எப்போதும் காத்திருக்கும். அரை மணி முன்னால் போனது நல்லதாயிற்று. பிளாட்பாரத்தில் எந்த எழுத்துக்குக் கீழே நம் பெட்டி நிற்கும் என்று பலகையில் பார்த்து, சரியாக அந்த எழுத்துக்குக் கீழே அம்மாவை பெஞ்சில் உட்கார வைத்தேன். ரயில் வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது அறிவிப்பு: பெட்டி வரிசை இன்று தலைகீழ். நம் பெட்டி அந்தக் கோடி. முட்டி வலிக்காரரை இழுத்துக்கொண்டு ஓடவா முடியும்? எதிரில் நின்ற கதவிலேயே ஏறி, ஐந்து பெட்டி உள்ளுக்குள்ளேயே நடந்தோம். பழைய பெட்டி, படி செங்குத்து. நான் மேலிருந்து கை கொடுக்க, மனைவி பின்னாலிருந்து தாங்க, மகன் நடுவில் நுழைந்து முதல் ஆளாக ஏறிவிட்டான்.

எங்களுக்குக் கிடைத்தது ஆறு பேர் உட்காரும் தனி அறை. கண்ணாடிக் கதவு, எதிரெதிர் மூன்று இருக்கை. டிரெஸ்டன் வரை ஆறாவது இடம் காலி. அந்த இரண்டு மணி நேரப் பாதையில் பார்க்க ஒன்றும் கிடையாது: தட்டை நிலம், பைன் மரம், காற்றாலை, மறுபடி பைன் மரம். சாப்பாட்டை அங்கேயே முடித்துவிடுங்கள். நாங்கள் பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் கொண்டுபோனோம்.

டிரெஸ்டன் நிலையத்தின் கூரை வெள்ளைத் துணி போல இருக்கும். நார்மன் பாஸ்டர் வடிவமைத்தது. கண்ணாடி இழைத் துணியில் டெஃப்லான் பூச்சு, தோசைக்கல்லில் இருக்கிற அதே டெஃப்லான். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கு, வாழைமரம்தான் இல்ல" என்றார்.

இப்போதுதான் என் முட்டாள்தனம். ஜன்னல் ஓரம் என்று பார்த்துத்தான் முன்பதிவு செய்தேன். எந்தப் பக்க ஜன்னல் என்று பார்க்கவில்லை. எங்கள் அறை வலது பக்கம் அமைந்துவிட்டது. பிர்னா என்ற ஊர் தாண்டியதும் எல்பே நதி ரயிலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, இடது பக்கத்தில். எங்கள் ஜன்னலில் தெரிந்தது மண் சரிவும் வீட்டுக் கொல்லைப்புறமும். அறைக்கு வெளியே நடைபாதை ஜன்னலில்தான் நதி மொத்தமும். பிள்ளைகள் முதலில் ஓடினார்கள். அம்மா மெல்ல எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அரை மணி நேரம் உட்காரவேயில்லை. "முட்டி வலிக்கப் போகுதும்மா." "வலிக்கட்டும்டா, உட்கார்ந்தா ஆறு போயிடும்."

ராத்தன் என்ற இடத்தில் ஒரு படகு குறுக்கே போய்க்கொண்டிருந்தது. ஆட்கள், சைக்கிள், ஒரு நாய். இஞ்சின் சத்தம் இல்லை, துடுப்பும் இல்லை. மேலே நீரோட்டத்தில் நங்கூரமிட்ட நீளக் கம்பியில் படகைக் கட்டியிருக்கிறார்கள். படகைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் ஆற்றுத் தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு அக்கரை சேர்க்கிறது. அம்மா சின்ன வயதில் கொள்ளிடத்தைப் பரிசலில் கடந்தவர். ரயில் தாண்டும் வரை அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "கம்பிய மட்டும் கட்டிட்டு ஆத்துகிட்டயே வேலை வாங்கிட்டான் பாரு."

ஆறாவது இடத்துக்கு டிரெஸ்டனில் ஒரு மாணவர் ஏறினார். பிராக் வரை தலையை ஜன்னலில் சாய்த்துத் தூக்கம். தினமும் போகிறவர் போல.

---

புதுசா_வந்தவன் · 27 அக்டோபர் 2024

பெர்லின் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது அண்ணா. டிக்கெட் எவ்வளவு ஆனது? 4 வயதுக் குழந்தைக்கு டிக்கெட் உண்டா? முன்பதிவு கட்டாயமா?

---

கொள்ளிடக்கரை · 27 அக்டோபர் 2024

6 வயதுக்குள் டிக்கெட் வேண்டாம் தம்பி. ஆனால் டிக்கெட் இல்லை என்றால் இடமும் இல்லை. ரயில் ஹாம்பர்க்கிலிருந்தே நிறைந்து வருகிறது, நான்கரை மணி நேரம் மடியில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அவனுக்கு இருக்கை முன்பதிவு மட்டும் தனியாக எடுத்தேன். முன்பதிவு கட்டாயமில்லை, ஆனால் குடும்பமாகப் போகிறவர்கள் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெரிய பிள்ளைகளை டிக்கெட் எடுக்கும்போதே வயதோடு சேர்த்துவிடுங்கள்.

விலையை எழுதினால் அடுத்த வாரமே பொய்யாகிவிடும். ஒரே ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வே தளத்தில் ஒரு விலை, செக் ரயில்வே தளத்தில் வேறு விலை. இரண்டையும் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

---

ஸ்டியரிங்_சிவா · 28 அக்டோபர் 2024

எல்லாம் சரி. ஐந்து பேர், இரண்டு பெட்டி, ஒரு தள்ளுவண்டி, முட்டி வலி. இதற்குக் கார்தானே? வீட்டு வாசலில் ஏறி ஓட்டல் வாசலில் இறங்கலாம். சுமார் 350 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். செக் பக்கம் D8 நெடுஞ்சாலையில் விடுபட்டிருந்த மலைப்பகுதியும் 2016 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். செக் நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டான வினியெட்டைப் போனிலேயே வாங்கலாம், கண்ணாடியில் ஒட்டுகிற வேலை கூட இல்லை. பெட்டி வரிசை தலைகீழ் என்று எந்த நெடுஞ்சாலையும் அறிவித்ததில்லை :)

---

வவுனியா_வாணி · 28 அக்டோபர் 2024

சிவா அண்ணா, நாங்கள் லைப்சிக்கில் இருந்து இரண்டு முறை காரில் போனோம். போறது சுகம்தான். பிராக்குக்குள்ளே நுழைந்த பிறகுதான் கரைச்சல். நீலக்கோடு போட்ட இடமெல்லாம் அங்கே குடியிருக்கிற ஆட்களுக்கு. எங்கட ஓட்டலுக்குப் பக்கத்தில் விட இடமில்லாமல் நாற்பது நிமிஷம் சுற்றினோம். பிள்ளை பின்னுக்கு இருந்து சத்தி எடுத்துப்போட்டுது.

அதோடு காரில் நீங்கள் ரோட்டைத்தான் பார்ப்பீர்கள், ஆற்றை இல்லை. கொள்ளிடக்கரை, உங்கட அம்மா சொன்னதை வாசித்துச் சிரித்தேன். என்ர அம்மம்மாவும் இப்பிடித்தான், ஜன்னலைக் கண்டால் முழங்கால் நோ மறந்துபோகும்.

---

தண்டவாளம் · 28 அக்டோபர் 2024

இந்தப் பாதையில் ஒன்பது முறை போயிருக்கிறேன், கொஞ்சம் அளக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் பற்றி: இடதுதான் சரி. ரயில் பாதை நதியின் மேற்குக் கரையில் ஓடுகிறது, நாம் போவது தெற்கே, ஆகவே நதி இடப்பக்கம். அறை உள்ள பெட்டிகளில் அறை ஒரு பக்கம், நடைபாதை மறுபக்கம். வரிசை தலைகீழாக வந்தால் அறையும் பக்கம் மாறிவிடும். எனவே கொள்ளிடக்கரை தன்னை ரொம்பத் திட்டிக்கொள்ள வேண்டாம், சரியாகப் பார்த்துப் பதிவு செய்திருந்தாலும் அன்று மாறித்தான் போயிருக்கும். நடைபாதை ஜன்னல் யாருக்கும் ஒதுக்கப்பட்டதல்ல, அதுதான் இருப்பதிலேயே நல்ல இடம்.

வலது பக்கத்துக்காரர்களுக்கும் ஒரு ஆறுதல் உண்டு. கோனிக்ஸ்டைன் கோட்டை நம் கரையிலேயே, நதியிலிருந்து 240 மீட்டர் உயரத்தில், நேர் தலைக்கு மேல். பார்க்கத்தான் கழுத்து வேண்டும். எதிர்க்கரையில் தட்டையாகச் சீவி வைத்தது போல நிற்கும் மலை லிலியன்ஸ்டைன், 415 மீட்டர். ராத்தன் படகுக்கு மேலே பாறைகளுக்கு நடுவில் தெரிவது பாஸ்டை பாலம், 1851-இல் கல்லால் கட்டியது. பிராக்–டிரெஸ்டன் ரயில் பாதை முழுதாகத் திறந்ததும் அதே 1851-இல்தான்.

ஜெர்மன் பக்கக் கடைசி நிறுத்தமான பாட் ஷாண்டாவ் தாண்டியதும் ஏ.சி. ஒரு கணம் மூச்சை நிறுத்தியதைக் கவனித்தீர்களா? ஜெர்மன் பக்கம் கம்பியில் 15,000 வோல்ட் மாறுமின்னோட்டம். செக் பக்கத்தின் இந்த வட பகுதியில் 3,000 வோல்ட் நேர்மின்னோட்டம். முன்பு டிரெஸ்டனில் எஞ்சினையே கழற்றி மாட்டுவார்கள். இப்போது இரண்டையும் தின்னும் எஞ்சின் வந்துவிட்டது, ஓடிக்கொண்டே மாற்றிக்கொள்கிறது.

---

கொள்ளிடக்கரை · 28 அக்டோபர் 2024

ஏ.சி. நின்றதை நான் கவனிக்கவில்லை. எல்லை வந்ததே எங்களுக்கு மகள் சொல்லித்தான் தெரிந்தது. டேச்சின் நிலையப் பலகையைப் பார்த்து, "அப்பா, இங்க எழுத்தெல்லாம் தொப்பி போட்டிருக்கு" என்றாள். ஒரே ஊர்ப் பெயரில் ஒரு எழுத்துக்குத் தொப்பி, அடுத்ததற்கும் தொப்பி, கடைசிக்கு முந்தியதற்கு ஒரு கீறல். நதிக்கும் பெயர் மாறிவிடுகிறது, எல்பே போய் லாபே.

சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே? செக் ரயில்வே பெட்டி என்பதால் மேசை விரிப்போடு உட்கார்ந்து சாப்பிடலாம், யூரோவும் வாங்கிக்கொள்கிறார்கள். பில்ஸ்னர் பீரைக் குழாயிலிருந்து கண்ணாடிக் குவளையில் பிடித்துத் தருகிறார்கள். (அம்மா அறையில் பிள்ளைகளோடு இருந்தபோது நானும் மனைவியும் "டீ குடிக்க" போய் வந்தோம். அம்மாவுக்கு மோப்ப சக்தி நன்றாகவே இருக்கிறது.)

---

விளதவாக்_கரை · 29 அக்டோபர் 2024

பிராக்கிலிருந்து ஒரு குரல். ஆறு வருஷமாக இங்கே.

செப்டம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வந்திருக்கிறீர்கள், அதனால் டேச்சினில் ஒன்றைப் பார்க்க வாய்ப்பே இருந்திருக்காது. ஆற்றங்கரையில் ஒரு பஞ்சக்கல் இருக்கிறது. தண்ணீர் ரொம்ப வற்றினால்தான் வெளியே தெரியும். வறட்சி வந்த வருஷங்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், தெளிவாகப் படிக்க முடிகிறதில் பழையது 1616. "என்னைக் கண்டால் அழு" என்று ஜெர்மன் மொழியில் ஒரு வரி. 2018-இலும் 2022-இலும் கல் வெளியே வந்தது. நான் 2022-இல் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு குடும்பம் அதன்மேல் துண்டு விரித்து உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தது.

ஊஸ்டி தாண்டும்போது எதிர்க்கரைப் பாறை உச்சியில் ஒரு இடிந்த கோட்டை வந்திருக்குமே, அது ஸ்ட்ரெக்கோவ். அப்புறம் நதி விலகிப் போய்விடும், எல்லாரும் போனை எடுத்துவிடுவார்கள். அங்கேதான் வலது பக்கம் ஒரு தனி மலை, கவிழ்த்த கிண்ணம் போல. ரீப். செக் மக்களின் ஆதித்தந்தை அதன்மேல் ஏறி நின்று நாட்டைப் பார்த்ததாகப் புராணம். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளை யாரைக் கேட்டாலும் சொல்லும்.

பிராக் நெருங்கும்போது நெலஹோசெவெஸ் என்ற சின்ன ஊர். இசையமைப்பாளர் டுவோர்ஷாக் 1841-இல் பிறந்த ஊர். ஊருக்குள் ரயில் வந்தபோது அவருக்கு எட்டு ஒன்பது வயது. சாகும் வரை ரயில் பைத்தியம். பிராக் நிலையத்துக்குப் போய் எஞ்சின் எண்களைக் குறித்துக்கொள்வாராம். தண்டவாளம் அவர்களுக்கு மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

---

தண்டவாளம் · 29 அக்டோபர் 2024

என்னை யாரோடும் ஒப்பிடுங்கள், கோபமில்லை. என் நோட்டில் எண்கள் உண்டு, இசைதான் இல்லை.

---

ஸ்டியரிங்_சிவா · 29 அக்டோபர் 2024

பிராக்கில் இறங்குவது எப்படி? அங்கே இரண்டு மூன்று நிலையம் என்கிறார்களே.

---

கொள்ளிடக்கரை · 29 அக்டோபர் 2024

கார்க்காரர் கேட்கிறாரே, நல்ல சகுனம்.

இதிலும் மாட்டப் பார்த்தோம். முதலில் வருவது பிராக் ஹோலெஷோவிட்சே. பலகையில் 'ப்ராஹா' என்று கண்டதும் பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு பெட்டி பிளாட்பாரத்தில், இன்னொன்று என் கையில், அம்மாவின் ஒரு கால் படியில். அப்போது அதுவரை தூங்கிய அந்த மாணவர் கண்ணாடிக் கதவைத் தட்டி, "மெயின் ஸ்டேஷன் நெக்ஸ்ட்" என்றார். டிரெஸ்டனிலிருந்து அவர் பேசியது அந்த மூன்று சொல்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டோம்.

பழைய நகரப் பக்கம் தங்குகிறவர்கள் அடுத்த நிறுத்தமான 'ஹ்லாவ்னி நாட்ராஷி'யில் இறங்குங்கள். தவறி இறங்கினாலும் உயிர் போகாது, இரண்டு நிலையத்தையும் மெட்ரோ C பாதை இணைக்கிறது. அதற்காக அவசரப்பட்டும் இறங்காதீர்கள், ரொம்ப ஆறப்போட்டும் உட்காராதீர்கள். சில ரயில்கள் பிராக்கோடு நிற்காமல் புடாபெஸ்ட் வரை போகின்றன.

---

விளதவாக்_கரை · 30 அக்டோபர் 2024

பிள்ளைகளோடு இந்த நிலையத்தில் இறங்குகிறவர்கள் உடனே வெளியே ஓடிவிடாதீர்கள். மேல்தளத்தில் ஃபான்டா என்ற கட்டடக்கலைஞர் கட்டிய 1909-ஆம் ஆண்டுக் குவிமாட மண்டபம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது, கீழே உள்ள எழுபதுகளின் மண்டபத்தோடு போய்விடுகிறார்கள்.

முதல் பிளாட்பாரத்தில் ஒரு வெண்கலச் சிலை. ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி, இன்னொரு குழந்தை பக்கத்தில் நிற்க, ஒரு மனிதர். நிக்கலஸ் வின்டன். 1939-இல் இங்கிருந்து 669 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, லண்டனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். ஜெர்மனி வழியாக ஹாலந்து போய், அங்கிருந்து கப்பல். கடைசி ரயில் செப்டம்பர் 1 அன்று 250 குழந்தைகளோடு கிளம்ப இருந்தது. அன்று போர் தொடங்கிவிட்டது. ரயில் கிளம்பவில்லை.

அவரைவிட என்னை நிறுத்துவது 2017-இல் வைத்த இன்னொரு நினைவுச்சின்னம். பழைய ரயில் பெட்டிக் கதவு ஒன்றின் மாதிரி வடிவம் மட்டும். ஜன்னல் கண்ணாடியின் ஒரு பக்கம் பெரியவர்களின் கைத்தடங்கள், மறுபக்கம் குழந்தைகளுடையவை. அனுப்பி வைத்த பெற்றோர்களுக்காக வைத்தது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் கையை வைத்துப் பார்த்தாள், சரியாகப் பொருந்தியது. நான் எதிர்ப்பக்கம் வைக்கவில்லை.

---

வவுனியா_வாணி · 30 அக்டோபர் 2024

இதை வாசித்துப்போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கட வீட்டிலேயும் தனியாகப் பிள்ளையை அனுப்பின கதை இருக்கு. இங்கே எழுதேல்லை. அடுத்த முறை போனால் கட்டாயம் பார்ப்போம்.

---

புதுசா_வந்தவன் · 31 அக்டோபர் 2024

ஒரு சந்தேகம். பாஸ்போர்ட் வேண்டுமா? செங்கன்தானே, எல்லையில் சோதனை இல்லை என்கிறார்கள்.

---

கொள்ளிடக்கரை · 31 அக்டோபர் 2024

போகும்போது யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது கேட்டார்கள். பாட் ஷாண்டாவில் ஜெர்மன் போலீஸ்காரர்கள் ஏறி, பெட்டி பெட்டியாக வந்தார்கள். எங்கள் குடியிருப்பு அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பார்த்தார்கள். அம்மாவின் விசாப் பக்கத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லையிலும் சோதனை வைத்திருக்கிறார்கள். குடியிருப்பு அட்டை மட்டும் போதாது தம்பி, பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். குழந்தைகளுடையதும். பெட்டி அடியில் வைத்துப் பூட்டாதீர்கள், நான் அதைத்தான் செய்தேன்.

---

தண்டவாளம் · 14 செப்டம்பர் 2025

பழைய இழையைத் தோண்டுகிறேன். இனி இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஆறு பேர் அறையைத் தேடி ஏமாற வேண்டாம். இந்த வருஷம் இந்தப் பாதையில் கம்ஃபர்ட்ஜெட் என்ற புது ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. 9 பெட்டிகள் ஒரே தொடராக, மணிக்கு 230 கிலோமீட்டர் வரை போகக்கூடியவை. பெரும்பாலும் திறந்த கூடம். பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, சாப்பாட்டுப் பெட்டி உண்டு. நடைபாதை ஜன்னல் என்ற பேச்சே இல்லை. ஆகவே இடது பக்கம் என்பது முன்பைவிட முக்கியம்.

இன்னொன்று. டிரெஸ்டனிலிருந்து மலையைக் குடைந்து சுமார் 30 கிலோமீட்டர் சுரங்கம் போடும் திட்டம் இருக்கிறது. வந்தால் டிரெஸ்டன்–பிராக் இப்போதைய இரண்டே கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரமாகக் குறையும். திட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது. வேகத்துக்காக அலைகிற எனக்கே இந்த ஒன்றில் அவசரம் இல்லை.

---

ஸ்டியரிங்_சிவா · 14 செப்டம்பர் 2025

ஒப்புக்கொள்கிறேன், ஜூலையில் ரயிலில்தான் போனோம். காரை விற்கவில்லை, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

---

புதுசா_வந்தவன் · 29 டிசம்பர் 2025

அண்ணா, ஒரு வழியாக நாங்களும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய் வந்துவிட்டோம். இரண்டு மாதம் முன்பே பதிவு செய்து, எந்தப் பக்கம் என்று மூன்று முறை சரிபார்த்து, இடது பக்கம் நான்கு இருக்கை வாங்கினேன். பாஸ்போர்ட் சட்டைப் பையில். இட்லி டிரெஸ்டனுக்கு முன்பே காலி. பிர்னா வந்ததும் போனை உள்ளே வைத்தேன்.

ராத்தன் வருவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் பையனுக்கு டாய்லெட் அவசரம். உள்ளே நானும் அவனும், வெளியே ஆறு. டாய்லெட் ஜன்னல் பால் கண்ணாடி. திரும்பி வந்தால் பாட் ஷாண்டாவ். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம், டிசம்பரில் நாலரை மணிக்கே கும்மிருட்டு.

படகைப் பார்த்தாயா என்று மனைவியைக் கேட்டேன். "ம், ஒண்ணு போச்சு" என்றாள்.